புள்ளி போட்டு வீடு கட்டும் ஊர்கள்

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்து வருகிறேன். மனைப் பத்திரத்தையும் பட்டாவையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என் அலுவலகப் படியேறுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, அப்ரூவல் எத்தனை நாளில் வரும் என்பதைத்தான். இந்த ஆண்டு எத்தனை பேருக்கு அப்ரூவல் கிடைக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் நம் ஊரில் ஏற்பட்டதில்லை. விதிக்குள் அடங்கினால் நூறு பேர் விண்ணப்பித்தாலும் நூறு பேருக்கும் அனுமதி உண்டு. ஆனால் ஓர் ஆண்டுக்கு இத்தனை வீடுகள்தான் என்று முன்கூட்டியே எண்ணிக்கையை வரையறுத்துவிட்டு, வந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, மேல்வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்த நகரங்கள் இருந்திருக்கின்றன என்பதைச் சென்ற தை மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான் முதன்முதலாக அறிந்தேன்.

அழைத்தவர் எங்கள் பக்கத்து ஆச்சி ஒருவரின் மகன். கலிபோர்னியாவில், சான் ஹோசே நகருக்குத் தெற்கே உள்ள மோர்கன் ஹில் என்ற சிறு நகரத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். ஊரில் ஆச்சிக்கு உள்ள ஒரு மனையில், படியேறச் சிரமமில்லாத ஒரு தனி வீடு கட்டித் தரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். வரைபடத்தை இணையத்தில் ஏற்றினால் சுயசான்று முறையில் அனுமதி உடனே வந்துவிடும் என்று நான் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அண்ணே, நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல எங்க தெருவுக்குப் பின்னால ஒரு பழத்தோட்டம் இருந்துச்சு. அதுல வீடு கட்ட ஒரு பில்டர் பர்மிட் கேட்டாரு. புள்ளி பத்தலைன்னு திருப்பிட்டாங்க. அடுத்த வருசப் போட்டியில மறுபடியும் வந்து நின்னாரு” என்றார்.

“புள்ளியா? என்ன புள்ளி தம்பி?” என்று கேட்டேன்.

“மார்க்குதாண்ணே. இங்க வீடு கட்ட பரிட்சை மாதிரி.”

செட்டிநாட்டுக்காரன் காதில் ‘புள்ளி’ என்ற சொல் வேறு விதமாகத்தான் விழும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வழக்கில், மணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக் கோயில்களில் தத்தம் கோயிலின் கணக்கில் புதுத் தம்பதி புள்ளியாகப் பதிவு பெறுவார்கள். கோயில் மாலை வந்தால்தான் திருமணமே நிறைவுபெறும். ஊர்ப் பொதுக்காரியத்துக்குப் புள்ளி வரி என்று ஒன்று உண்டு. அது ஏழைப் புள்ளிக்கும் பணக்காரப் புள்ளிக்கும் ஒன்றே. செல்வத்தைப் பார்த்து வாங்கும் ஆஸ்தி வரி வேறு. ஊரில் இத்தனை குடும்பம், அதனால் இத்தனை பங்கு என்று கணக்கு வைக்கப் பயன்பட்ட அந்தச் சொல்லையே கடல் கடந்த ஓர் ஊரின் கட்டட அனுமதிக்கும் அவர் பயன்படுத்தியது என் மனத்தில் தங்கிவிட்டது. அதன் பிறகு கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றியே படித்தேன்.

இந்த முறைக்கு வித்திட்டது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராமாப்போ என்ற ஊர். 1969இல் அந்த ஊர் ஒரு விதி செய்தது. மனைப்பிரிவு போட விரும்புகிறவர் தம் நிலத்துக்குக் கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை எவ்வளவு அருகில் உள்ளன என்பதற்குப் புள்ளிகள் பெறவேண்டும். மொத்தம் 23 புள்ளிகளில் 15 சேர்ந்தால்தான் அனுமதி. புள்ளி குறைந்தால், ஊர் தன்னுடைய பதினெட்டு ஆண்டுத் திட்டப்படி அந்த வசதிகளைக் கொண்டுவரும் வரை காத்திருக்கலாம். அல்லது நிலத்துக்காரரே தம் செலவில் குழாயும் சாலையும் போட்டுப் புள்ளியை ஈட்டிக்கொள்ளலாம். 1972இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லும் என்றது. இங்கே போட்டி என்று எதுவும் இல்லை. தேர்ச்சி பெற்றால் போதும். பக்கத்து நிலத்துக்காரர் எத்தனை புள்ளி வாங்கினார் என்பது ஒரு பொருட்டில்லை.

தேர்வைப் போட்டியாக மாற்றியது கலிபோர்னியாவின் பெட்டலூமா. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஏறக்குறைய 40 மைல் தொலைவில் உள்ள அந்த ஊர், 1879இல் அங்கே உருவான, முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கவைக்கும் கருவியாலும் கோழிப் பண்ணைகளாலும் பெயர் பெற்றது. 1950களில் நெடுஞ்சாலை வந்து ஊரை மேற்கு, கிழக்கு என்று இரண்டாக வகுத்தது. மேற்கே பழைய ஊர், கிழக்கே வயல்வெளி. சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறவர்கள் குடியேற வந்ததும் கிழக்கு வயல்கள் மளமளவென்று மனைகளாயின. 1970இல் 591 வீடுகள் எழுந்தன, 1971இல் 891. ஏறக்குறைய 25,000 பேர் இருந்த ஊரில் இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிவிட்டார்கள். கிழக்குப் பகுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் காலையில் ஒரு பள்ளி, மாலையில் ஒரு பள்ளி என்று இரண்டு வேளையாக நடத்த வேண்டியதாயிற்று. ஊரே திகைத்துப்போய், 1972இல் ஒரு முடிவுக்கு வந்தது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 வீடுகள்தான். ஐந்து வீடுகளுக்குக் குறைந்த சிறு கட்டுமானங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெரிய திட்டங்கள் யாவும் போட்டியிட வேண்டும்.

அந்தப் போட்டியின் மதிப்பெண் தாள் இரண்டு பகுதிகளைக் கொண்டது. தண்ணீர், கழிவுநீர், வடிகால், தீயணைப்பு, பள்ளி, சாலை ஆகிய ஆறும் இந்த வீடுகளைத் தாங்குமா என்பது முதற்பகுதி. வீடுகளின் அமைப்பு நன்றாக இருக்கிறதா, திறந்தவெளி விட்டிருக்கிறார்களா, வருமானம் குறைந்தவர்களுக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்களா என்பன போன்றவை இரண்டாம் பகுதி. இவற்றுக்கு மேல், கிழக்குக்கும் மேற்குக்கும் அனுமதிகளைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றும், எட்டு முதல் பன்னிரண்டு சதவீத வீடுகள் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குப் போகவேண்டும் என்றும் ஊர் தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டது. கட்டட நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1974இல் கீழ்நீதிமன்றம் ஊருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 1976இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததோடு ஊரின் திட்டம் நிலைபெற்றது. அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகர மக்கள் 1976இல் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீத வளர்ச்சி போதும் என்று வாக்களித்து, அனுமதிகளைத் தகுதி வரிசைப்படி கொடுத்தார்கள். மறு ஆண்டே மோர்கன் ஹில் மக்களும் வாக்குச்சீட்டின் வழியாகவே தங்கள் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆச்சியின் மகன் சொன்ன முறை இதுதான்; நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடைமுறையில் இருந்தது. 2004இல் மக்கள் மீண்டும் வாக்களித்து, 2020ஆம் ஆண்டில் ஊரின் மக்கள்தொகை 48,000ஐத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஆண்டுக்கு எத்தனை வீடு என்று வகுப்பார்கள். சிறு திட்டங்களுக்கு ஒரு பங்கு, குறைந்த வருமானத்தார் வீடுகளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துவைத்தபின் எஞ்சியதற்குப் போட்டி நடக்கும்.

தொழில்காரன் என்ற முறையில் அந்த மதிப்பெண் தலைப்புகளை நான் மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். பள்ளிகள், திறந்தவெளி, பொது வசதிகள், பூங்காவும் நடைபாதைகளும், வீட்டுத் தேவை, வீட்டு வகைகள், கட்டுமானத் தரம், மனைகளின் அமைப்பு, போக்குவரத்து, பாதுகாப்பு, மரம் நடுதல், இயற்கைச் சூழல் என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு, ஊரோடு ஒட்டியிருப்பதற்கான புள்ளி. ஏற்கெனவே வீடுகளும் குழாய்களும் உள்ள இடத்தை ஒட்டிக் கட்டினால் புள்ளி கூடும். நடுவே பல ஏக்கரைத் தரிசாக விட்டுவிட்டுத் தள்ளிப்போய்க் கட்டினால் புள்ளி குறையும். திருச்சி சாலையிலும் மதுரைச் சாலையிலும் ஊருக்கு வெகுதூரம் தள்ளி, கருவேலங்காட்டு நடுவே கொடி கட்டிய மனைப்பிரிவுகளைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்த ஒரு புள்ளியின் அருமை புரியும். அங்கே ஒருவர் வீடு கட்டிக் குடியேறிய அன்றே சாலை, விளக்கு, குப்பை வண்டி, தண்ணீர் என்று உள்ளாட்சியின் கடமை பல கிலோமீட்டருக்கு நீண்டுவிடுகிறது. அந்தச் செலவை மனை விற்றவர் கொடுப்பதில்லை. வாங்கியவரும் முழுதாகக் கொடுப்பதில்லை.

போட்டி என்று வந்துவிட்டால், சட்டம் கேட்பதோடு யாரும் நிற்கமாட்டார்கள். சட்டப்படி ஒரு பூங்கா போதும் என்றால், அடுத்தவரை முந்த வேண்டிய நிறுவனம் பூங்காவோடு நடைபாதையும் சேர்த்துத் தர முன்வரும். பள்ளிக்குக் கூடுதல் நிதி தருவதாக எழுதிக்கொடுக்கும். புள்ளிக்காகச் சொன்ன சொல் ஒப்பந்தத்தில் ஏறிவிடும். பிறகு பின்வாங்க முடியாது. பெரிய திட்டமாக இருந்தால் இந்த ஆண்டு பதினைந்து, அடுத்த ஆண்டு பதினைந்து என்று பகுதி பகுதியாகத்தான் அனுமதி கிடைக்கும். குறித்த காலத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் கிடைத்ததும் காலாவதியாகிவிடும். அனுமதியை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருக்க அங்கே வழியில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நம் ஊருக்கும் இப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சில நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது நான் பிறகு சொல்வதாகச் சொன்ன அந்தத் தீர்ப்பு. கீழ்நீதிமன்றம் பெட்டலூமாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததற்குக் காரணம், ஒருவர் தாம் விரும்பிய ஊருக்குச் சென்று குடியேறும் உரிமையை இந்த எண்ணிக்கை வரம்பு தடுக்கிறது என்பதுதான். மேல்நீதிமன்றம் அந்தக் கேள்விக்கே போகவில்லை. குடியேற விரும்பியும் முடியாமல் போனவர்களின் உரிமையைப் பற்றி வாதாடக் கட்டட நிறுவனங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டது. அந்த உரிமைக்கு உரியவர் யார்? அந்த ஊருக்கு வர நினைத்து, வீடு கிடைக்காமல், வேறெங்கோ வாடகைக்குப் போய்விட்ட ஒரு குடும்பம். தங்களுக்கு எந்த ஊரில் எந்த வீடு கட்டப்படாமல் போயிற்று என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எப்படி வழக்குத் தொடுப்பார்கள்? வாக்குச்சீட்டிலும் அவர்கள் இல்லை, ஏனென்றால் இன்னும் அந்த ஊர்க்காரர்கள் ஆகவில்லை, மதிப்பெண் போடும் குழுவிலும் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கூடி நேர்மையாக, திறந்த அவையில் புள்ளி போட்டாலும், வெளியே நிற்பவருக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

விலையும் இந்தக் கணக்கில் சேரும். வேலை பெருகிக்கொண்டே போகும் ஒரு பள்ளத்தாக்கில் வீட்டின் எண்ணிக்கையை மட்டும் அளந்து கொடுத்தால், இருக்கிற வீட்டின் விலை ஏறாமல் என்ன செய்யும்? புள்ளிக்காக நிறுவனம் கொடுத்த நடைபாதையும் பள்ளி நிதியும் கடைசியில் வீட்டு விலையில்தான் வந்து சேரும். நல்ல கல், நல்ல மரம், அகலமான மனை என்று தரத்துக்குப் புள்ளி கொடுக்கக் கொடுக்க, எளிய சிறு வீட்டைக் கட்டுகிறவர் பின்வரிசைக்குப் போகிறார். இதனால்தான் 2019இல் கலிபோர்னியா மாநிலமே வீட்டுப் பஞ்சத்தை நெருக்கடி என்று அறிவித்துச் சட்டம் இயற்றி, ஊர்கள் ஆண்டுக்கு இத்தனை என்று அனுமதியை முடக்குவதைப் பெரும்பாலும் நிறுத்தியது. 2023இல் கொலராடோவும் அப்படியே செய்தது. மோர்கன் ஹில்லின் போட்டியும் போல்டரின் வரம்பும் அதோடு ஓய்ந்தன.

அப்படியானால் அந்த முறை முழுவதும் தவறு, நம் முறைதான் சரி என்று சொல்லிவிடலாமா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கு என் தொழிலிலேயே ஒரு வடு இருக்கிறது.

நம் முறை விதியை மட்டும் பார்க்கும் முறை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கிறபடி முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய இடத்தை விட்டு, மனையின் அளவுக்கு இத்தனை பரப்புதான் கட்டலாம் என்னும் தளப்பரப்புக் குறியீட்டுக்குள் அடங்கி, உயரம் மீறாமல் இருந்தால் அனுமதி உண்டு. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாமல் வீடு கட்டுகிறவர்கள் தாங்களே சான்றளித்து, ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெற்றுக்கொள்ளலாம். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஒரு கையெழுத்துக்காகப் பத்து முறை அலைந்த முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இந்த முறை வீட்டைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறது, வீடு நிற்கும் ஊரைப் பார்த்துக் கேட்பதில்லை. மனைப்பிரிவு நிலையில் மட்டும் கொஞ்சம் கேட்கிறார்கள்: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவில் சாலை நீங்கலாகப் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விடவேண்டும். அது நல்ல விதி. அந்தத் திறந்தவெளியை மேட்டில் விட்டார்களா, பள்ளத்தில் விட்டார்களா, மழை பெய்தால் அந்த நிலத்துத் தண்ணீர் காலங்காலமாக எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் அதே இடத்தில் கேட்டிருக்கலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஊரின் விளிம்பில் ஒரு மனைப்பிரிவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அனுமதி பெற்ற பிரிவு, முறையான சாலை, பத்திரத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை. நான் மனைக்கு நான்கு பக்கமும் நாடா பிடித்து அளந்தேன். மேடு பள்ளம் காட்டும் மட்டக் கருவியை வைத்துப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை. வீடு கட்டி மூன்றாவது ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலை அவர் என்னை அழைத்தார். போய்ப் பார்த்தபோது சமையலறையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அரிசி வாளி சாய்ந்து, ஊறி உப்பிய அரிசி அலமாரிக் கதவோரம் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவருடைய மனைவி நாற்காலியின் மேல் நின்றுகொண்டு, நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் வந்து நின்ற ஒரு மாடு மேய்க்கும் பெரியவர்தான், “இது ஊருணிக்குப் போற வரத்துக்கால் அய்யா. தண்ணி அது போற வழியிலதான போகும்” என்றார்.

பிறகு பழைய புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வரத்துக்கால் ஒரு மெல்லிய கோடாக அந்த மனைகளின் வழியே ஓடிக்கொண்டிருந்தது. மனைப்பிரிவு போட்டவர் அதைப் பார்த்திருப்பார். அனுமதித்தவர்களும் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மூவரில் ஒருவரும் விதியை மீறவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

செட்டிநாட்டின் பழைய ஊர்களைப் போட்டவர்கள் எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்கவில்லை. ஆனாலும் தண்ணீரைக் கேட்காமல் அவர்கள் ஒரு தெருவும் போடவில்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ மழை நாளில் நின்று பார்த்தால் தெரியும். தெருமட்டத்துக்கு மேலே பல படிகள் ஏறித்தான் முகப்புக்கு வரவேண்டும். ஓட்டுக்கூரைகளில் விழுந்த மழை, வீட்டின் நடுக்கட்டான வளவின் திறந்த முற்றத்தில் இறங்கி, கல் பாவிய தளத்தின் சரிவில் ஓடி, தெரு வாய்க்காலில் சேர்ந்து, ஊருணிக்குப் போய்விடும். ஒரு தெருவில் தொடங்கிய வீடு அடுத்த தெருவில் முடியும்; குறுக்கும் நெடுக்குமாக நேராகப் போட்ட தெருக்கள் அத்தனையும் நீர்வழிகள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் இடம்பெற்றபோது எல்லோரும் பர்மா தேக்கையும் முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்புப் பூச்சையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தண்ணீர்க் கணக்குக்கே பட்டியலில் இடம் கொடுக்கலாம் என்பேன்.

புதிதாக ஒரு புள்ளி சேர்ந்தால் அதற்கு இடம் எங்கே என்பதற்கும் அந்த வீடுகளில் விடை இருந்தது. வளவைச் சுற்றி உள்ளறையும் வெளியறையுமாக அமைந்தவற்றை இரட்டை வீடு என்பார்கள்; மகனுக்கு மணமானதும் அதில் ஒன்று அவனுக்கு. தனியாகச் சமைத்துக்கொள்ளும்படி ‘வேறு வைப்பது’ என்ற வழக்கமும் உண்டு. ஒரே கூரைக்குள், ஒரே முற்றத்துத் தண்ணீர்க் கணக்குக்குள் புதுக் குடும்பங்கள் அடங்கின; ஊரின் எல்லையை ஓட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியம் வரவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். புள்ளிக் கணக்கு ஒரு சமூகத்தின் கணக்கு. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்கும், சுண்ணாம்பு அரைத்தவருக்கும், வண்டி மாட்டைப் பராமரித்தவருக்கும் அதில் புள்ளி இல்லை. அவர்களுடைய குடியிருப்பு ஊரின் ஓரத்தில், பல இடங்களில் பள்ளத்தில் இருந்தது. ஊருணித் தண்ணீரிலும் எல்லோருக்கும் ஒரே உரிமை இருக்கவில்லை. பெட்டலூமாவில் வெளியே நின்ற குடும்பத்தைப் போல நம் கணக்கிலும் வெளியே நின்றவர்கள் உண்டு. புள்ளி போடுகிற எந்த ஊரையும் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: கணக்கில் வராதவர் யார்?

காரைக்குடி இப்போது மாநகராட்சி. 1928இல் நகராட்சியான ஊர், 2024இல் அக்கம்பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு தரம் உயர்ந்திருக்கிறது. இனி மனைப்பிரிவுகள் பெருகத்தான் செய்யும். வீடு கட்டுவதற்கு எண்ணிக்கை வரம்பு வைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். வைத்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது இரண்டு சென்ட் மனைக்காகப் பத்து ஆண்டு சீட்டுக் கட்டியவர்தான். தனி வீட்டுக்குச் சுயசான்று இருக்கட்டும். ஆனால் மனைப்பிரிவுக்கு ராமாப்போ பாணியில் ஒரு மதிப்பெண் தாள் வேண்டும் என்று கேட்பேன். போட்டி வேண்டாம், தேர்ச்சி போதும். வரத்துக்காலும் கண்மாய்ப் பள்ளமும் குறிக்கப்பட்ட நிலமட்ட வரைபடம் இணைத்திருக்கிறார்களா, இருக்கும் வடிகாலிலிருந்து எத்தனை மீட்டர், குடிநீர்க் குழாயிலிருந்து எத்தனை மீட்டர், ஊரை ஒட்டியிருக்கிறதா, சிறு மனைகள் எத்தனை என்று அளந்து பார்க்கக்கூடியவற்றுக்கு மட்டும் புள்ளி. அழகுக்கும் தரத்துக்கும் புள்ளி கொடுக்கத் தொடங்கினால் அது அதிகாரியின் விருப்பமாகிவிடும். விருப்பத்துக்கு என்ன விலை என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நாடாவும் மட்டக் கருவியும் சொல்வதை யாரும் மறு நாளே போய்ச் சரிபார்க்கலாம். போட்ட புள்ளியை மனை விற்கும் இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கவேண்டும். அந்த ஆசிரியர் மனை வாங்கிய அன்று, வடிகாலுக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதிய ஒரு பலகை அங்கே இருந்திருந்தால் அவர் வாங்கியிருக்கமாட்டார்.

சென்ற வாரம் ஆச்சியின் மனையில் மட்டம் எடுத்தேன். தெருவின் நடுவே ஒரு புள்ளி, மனையின் நான்கு மூலைகளிலும் நான்கு, நடுவில் ஒன்று, பின்னால் ஊருணிக் கரையில் ஒன்று. தென்கிழக்கு மூலை தெருவைவிட ஒன்றே முக்கால் அடி பள்ளம். ஆச்சி குடையைப் பிடித்துக்கொண்டு நான் குச்சி நடுவதையெல்லாம் கவனித்துவிட்டு, “எங்க அப்பச்சி காலத்துல இந்த மூலையிலதான் தண்ணி நிக்கும், தம்பி. அங்க ரெண்டு தென்னை வச்சிருந்தாக” என்றார். வீட்டை வடமேற்குப் பக்கமாகத் தள்ளி, தரைத்தளத்தைத் தெருவுக்கு மேல் இரண்டரை அடி உயர்த்தி, படிக்குப் பதிலாக ஒரு நீண்ட சரிவுப் பாதை போட்டு வரைந்திருக்கிறேன். அந்த மூலையைத் திறந்தபடியே விட்டு, ஊருணி வரைக்கும் ஒரு நீலக் கோடு இழுத்திருக்கிறேன். இணையதளத்தில் அந்தக் கோட்டைக் கேட்கும் கட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் வரைபடத்தில் அது இருக்கிறது. மோர்கன் ஹில்லுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன்.